டிஸ்சார்ஜ் பேப்பரில் இல்லாத நூல்

1

தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபாக்டரி வாசல்களில் நாள்கணக்காக நின்றனவே, காய் வண்டியிலேயே பழுத்து, பழுத்தது ஒழுகி, ரோடெல்லாம் ஈயாக இருந்ததே, அந்த வருஷம். தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவனுக்குத் தேதி நிற்காது, வாசனை நிற்கும். லீவில் ஊருக்கு வந்திருந்தேன். சித்தூரில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திருப்பதிக்குத் திரும்பும்போது அந்த மாங்காய் வரிசையில் எங்கள் பஸ்ஸும் மாட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கத்தில் பல நாளாக இருந்த கட்டி அன்றைக்கு உடைந்தது. எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"தாத்தா, உன் பைல வாட்டர் பாட்டிலு லீக் ஆவுது பாரு, சீட்டெல்லாம் ஈரம்."

"ஆமாம்மா, ஆமாம்மா, மூடி சரியில்ல" என்று சொல்லித் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். என்னிடம் பையும் இல்லை, பாட்டிலும் இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் திருப்பதியில் ஒரு நர்சிங் ஹோமில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. எந்த நர்சிங் ஹோம் என்று சொல்ல மாட்டேன். என் மகள் பேரையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

இப்போது இதைச் சொல்வதற்குக் காரணம் போன செவ்வாய்க்கிழமை. இங்கே குவைத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் வைத்திருந்தார்கள். அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அதில் ஓர் இடம். இந்த நாட்டில் எத்தனையோ படிவம் பார்த்துவிட்டேன். லைசென்ஸ், விசா, ரத்தப் பரிசோதனை, எல்லாவற்றிலும் அந்த இடம் வரும். என் மகள் ரேவதிக்குக் கைப்போன் வந்த நாளிலிருந்து நான் யோசித்ததே இல்லை, அவள் நம்பரை மனப்பாடமாகச் சொல்லிவிடுவேன். செவ்வாய்க்கிழமை படிவம் நிரப்புகிற பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் ரூமில் கூட இருக்கும் செல்வத்தின் நம்பரைச் சொன்னேன்.

செல்வம் திருத்தணிப் பக்கம். இங்கே ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடையில் வேலை. நான் பேசப் பேச இதை எழுதுவதும் அவர்தான். நான் 'கீது' என்றால் அவர் 'இருக்கிறது' என்று போடுவார். படிக்கிறவர்களுக்கு அதுதான் மரியாதையாம்.

"இன்னா நைனா, எம் நம்பரக் குட்துட்டு வந்துகீற? பொண்ணு நம்பரு வேணாமா?" என்றார்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே செல்வம். உக்காரு, மொதல்லேர்ந்து சொல்றேன், எய்து."

2

நான் வீட்டு டிரைவர். இருபத்தேழு வருஷமாக ஒரே வீடு. முதலாளியம்மாவின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனேன், இப்போது அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளை ஏற்றிப்போகிறேன். ரோட்டுப் பலகை படிக்கத் தெரியாது. தண்ணீர்த்தொட்டி, பள்ளிவாசல் கோபுரம், உடைந்த சுவர் இவற்றை வைத்துத்தான் வழி. ஒரு தரம் அந்த உடைந்த சுவரைக் கட்டிவிட்டார்கள். அன்றைக்கு மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன், பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

டிரைவர் வேலை உட்கார்ந்தே செய்கிற வேலை. முதலில் ஒரு கொப்புளம் மாதிரி வந்தது. வரும், உடையும், ஆறும், மறுபடி வரும். மூலம் என்று நானே முடிவுசெய்து கருணைக்கிழங்காகத் தின்றேன். யாரிடம் காட்டுவது? காட்டக்கூடிய இடமா அது? ஆறு வருஷம் கோவணம் மாதிரி ஒரு துணியை மடித்துவைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் தூங்கும்போது அதைத் துவைத்து, மாடியில் என் லுங்கிக்கு உள்பக்கம் காயப்போடுவேன்.

அது மூலம் இல்லை, பவுத்திரம் என்று திருப்பதி டாக்டர்தான் சொன்னார். உள்ளே குடலின் கடைசியிலிருந்து வெளித்தோல் வரைக்கும் எலி வளை மாதிரி ஒரு வழி விழுந்துவிடுமாம். அந்த வழி, வெளிக்குப் போவதை அடக்கிவைக்கிற சதைக்கு நடுவே போனால் ஆபத்து. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் சதை அறுந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் அடக்க முடியாது. அதனால் வெட்டாமல் அந்த வழியில் ஒரு நூலை நுழைத்துக் கட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆற விடுவார்களாம். எனக்கு அப்படித்தான் நூல் கட்டினார்கள்.

இதில் எனக்கு என்ன பயம் என்பது இப்போது உங்களுக்குப் புரியும். சாவுக்கு நான் பயப்படவில்லை. பிறத்தியார் பிள்ளைகளை ஏற்றிப்போகிற காரில், அடக்க முடியாமல் நான் உட்கார்ந்திருக்கிற ஒரு நாளுக்குத்தான் பயம்.

3

ரேவதி எனக்கு ஒரே மகள். நகரிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் எங்கள் ஆட்களில் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் அவள். மெடிக்கல் கோடிங் படித்தாள். அந்த நர்சிங் ஹோமில் ரெகார்டு செக்‌ஷன் அவள் பொறுப்பு. டாக்டர் கையால் எழுதியதை எடுத்து, டிஸ்சார்ஜ் பேப்பரை டைப் அடித்து, வியாதிக்கு உண்டான நம்பரைப் போட்டு, டாக்டர் கையெழுத்துக்கு வைப்பது அவள் வேலை.

முன்பு ஒரு தரம் போனில், "வியாதிக்கு நம்பரா? கைதிக்குப் போட்ட மாதிரி?" என்று கேட்டேன்.

"ஒரு வியாதிக்கு ஒரு நம்பருன்னு நெனைக்காத நைனா. பவுத்திரம்னே வெச்சிக்க. வழி ஒண்ணா, சுலபமானதா, சிக்கலானதா? மொத தடவையா, ஆறாம நிக்கிறதா, ஆறிட்டுத் திரும்ப வந்ததா? அமெரிக்காக்காரன் புக்குல ஒவ்வொண்ணுக்கும் வேற வேற நம்பரு. டாக்டர் சும்மா பவுத்திரம்னு எய்தி வெச்சிட்டார்னா நான் நம்பரு போட மாட்டேன். திருப்பி அனுப்பி, சரியா எய்துங்க சார்ம்பேன்."

"டாக்டரையே வெரட்டுவியா?"

"வெரட்டுவேன். நாங்க எங்க இஷ்டத்துக்கு ஒரு எழுத்து மாத்தக் கூடாது நைனா. அது அவுங்க உடம்பு."

அவள் உதாரணத்துக்கு அந்த வியாதியைச் சொன்னபோது நான் துணியை மடித்துவைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை, 'அது அவுங்க உடம்பு' என்பதை, இங்கே ரூமில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பலமனேர்க்காரர் ஒருவர், "உம் பொண்ணு டாக்டருக்கே வாத்தியாரா?" என்று கிண்டல் செய்தார். கிண்டலும் எனக்கு இனித்தது.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் டாக்டர் வந்து தெலுங்கில் வேகமாகப் பேசினார். நான் அரை மயக்கம். சந்தைத் தெலுங்கு எனக்கு வரும், ஆஸ்பத்திரித் தெலுங்கு வராது. அவர் போனதும் ரேவதியைக் கேட்டேன்.

"இன்னா சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல நைனா. சுடுதண்ணில உக்காரணும். மூணு வாரத்துல நார்மல். நூலு தானா வுயுந்துடும்."

"அப்ப போலாமா நானு?"

"தாராளமா போலாம்."

ஏதேதோ பேப்பரில் கையெழுத்துக் கேட்டார்கள். எனக்குக் கைநாட்டு. அவள் விரலால் காட்டிய இடத்திலெல்லாம் வைத்தேன்.

அப்புறம் திருப்பதியில் என் வீட்டில் மூன்று வாரம். என் வீடு என்று சொல்கிறேன், ஆனால் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று எனக்குத் தெரியாது. காலையில் டாய்லெட் எல்லாருக்கும் அவசரம், மருமகனுக்கு ஆபீஸ், பேரனுக்குப் பள்ளிக்கூடம். நானோ ஒரு நாளைக்கு மூன்று தரம் டப்பில் சுடுதண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் உட்கார வேண்டும். பேரன் கதவைத் தட்டி, "அம்மா, தாத்தய்யா இங்கா ராலேது" என்று கத்துவான், தாத்தா இன்னும் வெளியே வரவில்லையாம். அவனுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. ஒரு நாள் மருமகனின் அம்மா வந்திருந்தபோது என் மனைவி மல்லிகா அந்த டப்பைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அதன்மேல் ஒரு சேலையைப் போட்டாள். வந்த அம்மாள் மூக்கை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு காபி குடித்தாள்.

"எவ்ளோ நாளு லீவு இன்னும்?" என்று மல்லிகா கேட்டாள்.

"வேணும்னா கேட்டு வாங்கிக்கலாம். முதலாளியம்மா ஒண்ணும் சொல்லாது."

அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிளம்புகிற அன்று டிஸ்சார்ஜ் பேப்பரைக் கேட்டு வாங்கினேன். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையோ வீட்டுப் பத்திரமோ, நல்ல காகிதம் எது வந்தாலும் நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத்தான் எடுப்போம். நான் அந்தப் பேப்பரின் நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்தேன். என் மகள் டைப் அடித்த பேப்பர் ஆயிற்றே. ரேவதி பார்த்துக்கொண்டே நின்றாள். "அதுக்கெல்லாம் எதுக்கு நைனா மஞ்சா?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் கிளம்புகிற வருத்தம் என்று நினைத்தேன்.

4

குவைத்துக்கு வந்தபோது இங்கே வெயில் ஸ்டீயரிங்கைத் தொடவிடவில்லை. நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையம் ஒன்றை வாங்கி சீட்டில் போட்டுக்கொண்டு ஓட்டினேன். சின்னப் பெண் அதைப் பார்த்துவிட்டு, நீச்சல் குளத்துக்கா போகிறோம் என்று கேட்டது.

நூல் விழும் விழும் என்று காத்திருந்தேன். தினமும் குளிக்கும்போது கையை வைத்துப் பார்ப்பேன், இருக்கும். ரேவதிக்குப் போன் செய்தால், "இன்னும் கொஞ்ச நாள் பாரு நைனா, ஒடம்பு ஒடம்புக்கு வித்தியாசம்" என்பாள். வெயில் போய், ராத்திரியில் போர்வை கேட்கிற காலம் வந்தது. நூல் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஓர் இடம் வீங்கிச் சீழ் வந்தது. காய்ச்சலும் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் சீட்டுக் கொடுக்கிற ஆளுக்கு எங்கே வலி என்று சொல்ல வேண்டும். அந்த இடத்துக்கு அரபியில் என்ன சொல்வது? பிள்ளைகளிடம் பேசிப் பழகிய அரபி என்னுடையது, பிள்ளைகள் அந்தச் சொல்லை என்னிடம் சொன்னதில்லை. பின்னால் என்பதற்குத் தெரிந்த சொல்லைச் சொன்னேன். அது முதுகு என்று ஆகிவிட்டது. எலும்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். படம் எடுத்தார்கள். முதுகெலும்பு என் வயசுக்கு அருமையாக இருக்கிறது என்று அவர் பாராட்டி அனுப்பினார். மறுநாள் முதலாளியம்மாவே போனில் பேசி, சரியான இடத்துக்கு அனுப்பிவைத்தாள். அந்தச் சொல்லை அவள் எப்படிச் சொன்னாளோ, நான் வண்டிக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

அங்கே ஒரு மலையாளி நர்ஸ். பேப்பரை வாங்கி முதலில் மூலையைத்தான் பார்த்தாள்.

"சேட்டா, இது என்ன மஞ்சள்? சீழோ?"

"இல்லம்மா, மஞ்சா. சாமிக்கு."

சிரித்தாள். பிறகு என்னைப் படுக்க வைத்துப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"இதில் சும்மா கட்டி, கீறிச் சீழ் எடுத்தாச்சு, மூணு வாரத்தில் பிரயாணம் பண்ணலாம்னு மாத்திரம்தானே உள்ளூ? பவுத்திரம்னு இல்ல. நூலும் இல்ல. பின்னே, சேட்டா, இந்த நூல் எவிடெந்நு வந்தது?"

எனக்குப் புரியவில்லை. "ஆபரேஷன்ல கட்டனது" என்றேன்.

"பேப்பரில் அந்த ஆபரேஷனே இல்லல்லோ. நம்பரும் கட்டிக்கு உள்ள நம்பர்."

எகிப்துக்கார டாக்டர் வந்தார். நூலுக்கு அரபியில் கைத் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நூல் எந்தச் சதை வழியாகப் போகிறது, எத்தனை வழி இருந்தது, எதைத் திறந்தார்கள், எதை விட்டார்கள், முதலில் அறுத்தவர் எழுதிய குறிப்பு வேண்டும் என்றார். ஸ்கேன் எடுக்கிறேன், ஆனால் பழைய தழும்புக்கும் புது வழிக்கும் படத்தில் வித்தியாசம் சரியாகத் தெரியாது, குறிப்பு இல்லாமல் கத்தி வைத்தால் உனக்குத்தான் நஷ்டம் என்று நர்ஸிடம் சொல்லி எனக்குச் சொல்ல வைத்தார். காய்ச்சலுக்கும் சீழுக்கும் மருந்து கொடுத்து, மூன்று வாரம் தள்ளி ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்.

நான் ஊரிலிருந்து இந்த நாடு வரை என் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்த பேப்பர் அது. விமானத்தில் மடங்கிவிடும் என்று மடியில் வைத்திருந்தேன்.

5

வெள்ளிக்கிழமை காலை செல்வத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போன் போட்டேன்.

"ரேவதி, பேப்பர்ல நூலு எங்கம்மா?"

"இன்னா நூலு?"

"எனக்குள்ள கீதே, அந்த நூலு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"நைனா, அது டாக்டரு கையெய்த்துப் போட்ட பேப்பரு."

"டைப் அடிச்சது நீ. பவுத்திரத்துக்கு எத்தினி நம்பருன்னு எனக்கு சொல்லிக் குடுத்ததும் நீ. இதுல கட்டின்னு போட்டு வெச்சிகீறியாமே?"

"கட்டியும் இருந்துச்சி இல்ல? கட்டி இல்லன்னு யாரு சொன்னா?"

"அப்ப டாக்டரு கையால எய்தனதை ஒரு போட்டோ புடிச்சி அனுப்பு. இங்க டாக்டரு கேக்கறாரு. இல்லாங்காட்டி நான் அந்த ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணிக் கேக்கறேன்."

"அய்யோ நைனா, அது மட்டும் பண்ணிடாத. ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாத்தாங்கன்னா என் வேல பூடும். வேலயில்ல, இந்தத் தொயிலே பூடும்."

அவ்வளவுதான். என் நூலைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன் மல்லிகாவின் கைக்குப் போனது.

"இப்ப இன்னா ஆயிடுச்சின்னு அவளப் போட்டு கேட்டுக்கினு கீற? நல்லா போய்ச் சேந்துட்ட இல்ல?"

"இன்னா மல்லிகா பேசற? டாக்டரு இருக்கச் சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேனே."

"அதுக்குத்தான்" என்றாள்.

மேலே அவளே பேசினாள். சண்டைக் குரல் இல்லை, கடையில் சாமான் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"நாலு மாசம்னாரு டாக்டரு. நாலு மாசம் ஊட்ல எங்க வெச்சிப்போம் உன்ன? இருபத்தேழு வருசமா நீ இல்லாமத்தான் நாங்க குடித்தனம் பண்ணிக்கினு கீறோம். ரெண்டு வருசத்துக்கு ஒரு தபா வர, சூட்கேஸத் தொறக்கற, போற. அது எங்களுக்குப் பயகிடுச்சி. மூணு வாரத்துக்கே அவ மாமியா ஒரு வார்த்த சொல்லிட்டாங்க. அவதான் இன்னா பண்ணுவா?"

செல்வம் எழுந்து டீ போடுகிற மாதிரி வெளியே போய்விட்டார்.

ரேவதிக்கு ஆறு வயசு இருக்கும்போது, மூன்று வருஷம் கழித்து நான் முதல் லீவில் வந்தேன். புத்தூர் ரயிலடியில் என்னைப் பார்த்து, அப்போதுதான் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தவள், விருந்தாளியைக் கேட்கிற மாதிரி "மீரு எப்புடு வெள்தாரு?" என்று கேட்டாள். எப்போது போவீர்கள் என்று. எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

செல்வம் டீயோடு வந்து, "நைனா, ஆஸ்பத்திரி நம்பரு பேப்பர் மேலயே கீது. நான் பேசறேன். ரெண்டு நிமிசம்" என்றார்.

"வேணாம்."

"உனுக்கு அடக்க முடியாம பூட்டா யாரு கய்வுவாங்க? அவளா வருவா?"

"வேணாம்னா வேணாம்."

இரண்டு வெள்ளிக்கிழமை போனது. ஒவ்வொரு முறையும் அவர் நம்பரைப் போட்டுக் கையில் கொடுப்பார், நான் அணைத்துத் திருப்பிக் கொடுப்பேன். கோபம் இல்லாமல் இல்லை. வண்டி ஓட்டும்போது அவளிடம் சத்தமாகப் பேசிக்கொண்டே ஓட்டுவேன், பின்சீட்டுப் பிள்ளைகள் நான் போனில் பேசுவதாக நினைத்துக்கொள்ளும். அந்த வேலைக்குப் படிக்க அவள் திருப்பதியில் ஹாஸ்டலில் இருந்தபோது, பரீட்சைக்கு முன்னால் அழுதுகொண்டு போன் செய்வாள். பாஸ் ஆகிவிடுவாய் என்று சொல்வதற்கு எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் தினம் சொன்னேன். அந்த வேலையை என் கையால் பிடுங்க எனக்கு வரவில்லை. அவளுக்கு என்னை அனுப்ப வந்தது.

6

ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் ரேவதி நம்பரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு வார்த்தை இல்லை. நைனா என்றுகூட இல்லை. டாக்டர் கையால் எழுதிய தாள்.

செல்வம் பெரிதாக்கிப் படித்தார். மேல்பாதியில் இங்கே டாக்டர் கேட்டது எல்லாம் இருந்தது. சிக்கலான பவுத்திரம். இரண்டு வழி. ஒன்று மேலோட்டம், அதைத் திறந்தாயிற்று. இன்னொன்று அடக்குகிற சதைக்கு நடுவே, அதில் நூல். ஒரு சின்னப் படம்கூட வரைந்திருந்தார், கடிகாரம் மாதிரி வட்டம் போட்டு, எத்தனை மணி இருக்கிற இடத்தில் ஓட்டை என்று.

கீழ்ப்பாதியைப் படிக்கும்போது செல்வத்தின் குரல் இறங்கியது. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வந்து நூலைப் பார்க்க வேண்டும். நாலு மாதம் ஊரை விட்டுப் போகக் கூடாது. நூல் தானாக விழாது. கவனிக்காமல் விட்டால் மலத்தை அடக்கும் சக்தி போகலாம். இவை எல்லாம் மகளிடம் விளக்கப்பட்டன. அதற்குக் கீழே ரேவதி கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், எனக்கும் எல்லாம் புரிந்தது என்று அச்சடித்த ஒரு வரி. அந்த வரிக்குக் கீழே ஊதா மசியில் என் கட்டைவிரல்.

அந்த விரலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் பார்த்தாலும் அது என்னுடையது என்று தெரிந்தது. குறுக்கே போகிற வெட்டுத் தழும்பு, ஜாக்கி வழுக்கியபோது வந்தது.

டாக்டர் தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நினைத்ததைவிட நல்லது, வழி எங்கே என்று தெரிந்துவிட்டது என்றார். ஆபரேஷன் நடந்தது. சதை தப்பியது. இப்போது வாரத்துக்கு ஒரு தரம் போகிறேன், புது நூல் போட்டிருக்கிறார்கள், அதையும் எடுக்க இன்னும் நாள் இருக்கிறது. ரப்பர் வளையம் சீட்டிலேயே இருக்கிறது.

ஆனால் அந்தத் தாளைப் பார்த்த அன்று டாக்டர் இன்னொன்று கேட்டார். நர்ஸ் எனக்குத் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாள்.

"சேட்டா, டாக்டர் கேக்குது. இதில் ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு எழுதியிருக்கு. உங்க விரல் இருக்கு. பின்னே எதுக்கு வந்தது? யாராவது போகச் சொன்னதா?"

செல்வம் என் தோளில் கை வைத்தார். சொல்லு என்று அர்த்தம்.

"யாரும் சொல்லலம்மா" என்றேன். "டாக்டர் சொன்னாரு, நான்தான் கேக்கல. வேல பூடும்னு ஓடி வந்துட்டேன்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார். என்ன எழுதுகிறார் என்று கேட்டேன். டாக்டர் சொன்னதை நோயாளி கேட்கவில்லை என்று எழுதுகிறார், அதற்கும் ஒரு நம்பர் உண்டு என்று நர்ஸ் சொன்னாள்.

வெளியே வந்து செல்வம் என்னைத் திட்டினார். எனக்கு ரேவதிமேல் இரக்கம் என்று நினைத்துக்கொண்டார். இரக்கம் இல்லை. மன்னிக்கவும் இல்லை. பெற்ற மகள் என்னை அனுப்பினாள் என்று அந்நிய நாட்டு டாக்டரிடம் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை, அவ்வளவுதான். என் மானத்துக்காகச் சொன்ன பொய் அது.

இப்போது ரேவதி என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இதை ஊரில் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். திருப்பதியில் இருக்கிறவர்கள், புத்தூர், நகரிப் பக்கம் இருக்கிறவர்கள், இதைப் படித்தால் நாலு பேருக்கு அனுப்புங்கள். அவர்களும் நாலு பேருக்கு அனுப்பட்டும். சுற்றிச் சுற்றி எப்படியாவது அவள் கைக்குப் போய்விடும், பேர் மாற்றியிருந்தாலும் அவளுக்குத் தெரியும். திருப்பதிப் பேப்பரில் ஒரு பொய் இருக்கிறது, அது அவளுடையது. குவைத்து ஃபைலில் ஒரு பொய் இருக்கிறது, அது என்னுடையது. நடந்தது நடந்தபடி இந்த ஒன்றில்தான் இருக்கிறது. இதை அவளிடம் சேர்த்துவிடுங்கள்.